நிலத்தின் மேல் எழுதிய நிபந்தனை யாருக்கானது?

டங்ஸ்டன் ஏலம் ரத்தான பிறகு மதுரையில் நிலம் பற்றிய கூட்டங்களுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். மேலூர்ப் பக்கம் 14 ஏக்கர் வைத்திருக்கிறார். நெல்வயல், கொஞ்சம் தென்னை, ஒரு மாந்தோப்பு. அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் வெளியூரில். நான்குவழிச் சாலை வந்த நாளிலிருந்து புரோக்கர்கள் வீட்டு வாசலுக்கே வந்து விலை கேட்கிறார்கள் என்றார். பிறகு எழுந்து நின்று சொன்னார்: “என் காலத்துக்கு அப்புறம் அந்த மண்ணுல ஒரு செங்கல் விழக்கூடாது. எம் பிள்ளைங்களே நினைச்சாலும் பிளாட் போட முடியாதபடி எழுதி வைக்க வழி இருந்தாச் சொல்லுங்க.” அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் எழுந்து, அமெரிக்காவில் அதற்கு வழி இருக்கிறது, ‘கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்’ என்று பெயர், இந்தியாவுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றார். மறுபடியும் கைதட்டல். அப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “சார், உங்க வயல் வழியா எங்க ஆளுங்க காலனியிலேர்ந்து சுடுகாட்டுக்குப் போற பாதை இருந்தா, அந்தப் பத்திரத்துல அதையும் எழுதுவீங்களா?”

அவர் கோபப்படவில்லை. சிரித்தபடியேதான் சொன்னார். “அதெல்லாம் ஊருக்குள்ள பேசிக்கிறதும்மா. பத்திரத்துல எழுதுற விஷயமா அது?”

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு ஏக்கர் என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தும் விற்காமல் இருக்கிறவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவருடைய விருப்பம் தலைமுறைகளைத் தாண்டிச் சட்டமாக நிற்க வேண்டும். எங்கள் பிணம் போகிற பாதை மட்டும் ‘பேசிக்கிற’ விஷயமாக இருக்க வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையே உள்ள உறவு முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

முதலில் அந்த ஈஸ்மெண்ட் என்னவென்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் நில உரிமையாளர் ஒருவர் தன் நிலத்தில் கட்டடம் கட்டும் உரிமை, மனை பிரித்து விற்கும் உரிமை ஆகியவற்றை மட்டும் தனியே பிரித்து ஒரு நில அறக்கட்டளைக்கோ அரசு அமைப்புக்கோ எழுதிக் கொடுத்துவிடலாம். நிலம் அவருடையதாகவே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். ஆனால் யார் கைக்குப் போனாலும் அந்த நிபந்தனை நிலத்தோடு சேர்ந்தே போகும். மீறினால் அறக்கட்டளை வழக்குப் போடும். இதற்கான மாதிரிச் சட்டம் 1981இல் வந்தது; மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதைத் தழுவிச் சட்டம் செய்தன. கட்டும் உரிமையை விட்டுக்கொடுத்ததால் நிலத்தின் விலை எவ்வளவு குறைகிறதோ, அதைக் கொடையாகக் கணக்கிட்டு வருமான வரியில் கழிவு பெறலாம். இந்தக் கழிவுக்காகவே பணக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து, நிலத்தின் மதிப்பை ஏகமாக ஏற்றிக் காட்டி, நிபந்தனை எழுதிக் கொடுத்து வரியில் கொள்ளையடித்தார்கள். 2016 இறுதியில் அமெரிக்க வருமான வரித் துறையே அத்தகைய கூட்டு ஏற்பாடுகளை முறைகேட்டுப் பட்டியலில் சேர்த்தது. அது அவர்கள் பாடு.

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி ஒரு நிலத்தின் மீது இன்னொருவருக்கு உரிமை வேண்டுமானால் அவருக்கும் ஒரு நிலம் இருக்க வேண்டும். என் கிணற்றுக்குப் போக உன் வரப்பு வழியாகப் பாதை, என் வயலுக்கு உன் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் என்பதுபோல. நிலமே இல்லாத அறக்கட்டளைக்கு எந்த நிலத்தின் சார்பில் உரிமை வரும்? அதே ஆண்டில் வந்த சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, வாங்கியவர் மறுபடி விற்கவே கூடாது என்று நிபந்தனை போட்டால் அது செல்லாது என்கிறது. வாங்கியவர் நிலத்தை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவதற்கும் அடுத்த பிரிவு தடை போடுகிறது. ஆக, மாந்தோப்புக்காரர் விரும்பியதைச் செய்ய இன்று நேரடியான வழி கிடையாது. மாணவர் சொன்னது அந்த அளவில் சரி.

இருப்பதெல்லாம் அரசு அறிவிக்கிற பாதுகாப்புகள். காவிரிப் படுகைக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அரிட்டாபட்டிக்கு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற தகுதி வந்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர். தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது. ஏழு குன்றுகள், சமணப் படுகைகள், தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோவில், ஆனைகொண்டான் கண்மாய், இருநூற்றைம்பது வகைப் பறவைகள். எல்லாம் அரசாணையில் பதிவாயின.

இரண்டே ஆண்டில் அந்தத் தகுதி என்ன ஆனது என்று பாருங்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று 2,015.51 ஹெக்டேரை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. எடுத்தது இந்துஸ்தான் ஜிங்க். ஏலத் தொகுதிக்குள்ளேயே பல்லுயிர்த் தலமும் கிடந்தது. அறிவிப்புப் பலகை ஏலத்தைத் தடுக்கவில்லை. டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் நடந்தது. ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நிலத்தைக் காப்பாற்றியது கால்கள். அந்தக் கால்களில் பட்டா உள்ளவர்களின் கால்களும் இருந்தன, நூறு நாள் வேலை அட்டை மட்டும் உள்ளவர்களின் கால்களும் இருந்தன. எங்கள் காலனியிலிருந்து வேன் பிடித்துப் போனார்கள். என் சித்தி போய்விட்டு வந்து மூன்று நாள் கால் வலி என்று படுத்திருந்தாள். அவளுக்கு ஒரு சென்ட் விளைநிலம் கிடையாது.

அதனால், “நிலத்தைக் காக்கிற நேரத்தில் சாதியைப் பேசி இயக்கத்தைப் பிளக்காதீர்கள்” என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். நடக்கும்போது சாதி பார்க்காமல் நடந்தவர்கள் நாங்கள். நடந்து முடித்து, காப்பாற்றிய நிலத்தை எப்படிக் காப்பது என்று பேச உட்காரும்போது யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் ‘ஊருக்குள் பேசிக்கொள்ள’ விடப்படுகிறது என்றுதான் கேட்கிறோம்.

சரி, நிலத்தோடு சேர்ந்து போகிற, தலைமுறை தாண்டி நிற்கிற, யார் வாங்கினாலும் விடாத நிபந்தனை இந்த நாட்டுக்குப் புதிதா? மாணவர் அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. செங்கல்பட்டு வரை போனால் போதும்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராகப் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை போகிறது, குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, நிலம் இல்லாதவரை இவர்கள் அடிமைகளாகவே இருப்பார்கள் என்பதுதான் அதன் சாரம். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. அப்படி ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். வருவாய்ப் பதிவேடுகளில் டி.சி. நிலம், கண்டிஷன் நிலம். அதன் கண்டிஷன் என்ன? முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. நிலத்தை அரசே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

நிலத்தோடு போகிற நிபந்தனை என்றால் இதுதான். தனியார் போடும் நிபந்தனையைச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் ஏற்காது; ஆனால் அரசு கொடுத்த நிலத்தில் அரசு போட்ட நிபந்தனை எதுவானாலும் செல்லும் என்று 1895ஆம் ஆண்டு அரசு மானியங்கள் சட்டம் தெளிவாகச் சொன்னது. ஆகவே இந்த மண்ணில் ஓட்டையே இல்லாமல் சட்டம் ஒப்புக்கொண்ட நிரந்தர நிபந்தனை என்று ஒன்று இருந்ததென்றால் அது தலித் மக்களின் நிலத்தின் மீது இருந்ததுதான். அதுதான் அதிகம் மீறப்பட்டதும். பஞ்சமி நிலம் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அதில் இன்று எங்கள் கையில் எவ்வளவு என்று கேட்டால் எந்த அரசும் முழுக் கணக்கைக் காட்டியதில்லை.

எப்படிப் போனது? ஒரே நாளில் யாரும் பிடுங்கவில்லை. கல்யாணச் செலவுக்கு 200 ரூபாய் கடன். வட்டி கட்ட முடியாமல் ‘நீ உழு, விளைச்சலை எனக்குக் கொடு’ என்று ஆரம்பம். பிறகு ஒரு வெற்றுத் தாளில் கைநாட்டு. பிறகு கரணம் எழுதும் அனுபோகப் பதிவில் வேறு பெயர். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, அனுபவிக்கிறவர் பெயரிலேயே பட்டா போட்டுக் கணக்கை நேர்செய்தார்கள். குறிப்புக் கலத்தில் இருந்த டி.சி. என்ற இரண்டு எழுத்து அடுத்த பதிவேட்டில் இல்லை. அவ்வளவுதான். என் ஆய்வுக்காக ஒரு கிராமத்தின் பழைய அ-பதிவேட்டையும் புதிய அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சர்வே எண் பிரிந்து உட்பிரிவு ஆகும்போது அந்த இரண்டு எழுத்து உதிர்ந்துவிடும். மாம்பழத்திலிருந்து காம்பு உதிர்வதுபோல, சத்தமே இருக்காது. அந்தப் பழைய பதிவேட்டைக் கண்ணால் பார்க்க நான் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஏழு மாதம் நடந்தேன். முதலில் இல்லை என்றார்கள். பிறகு கிழிந்துவிட்டது என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மேல்முறையீடு போன பிறகு கிழியாமல் கிடைத்தது.

கேட்டதற்குக் கிடைத்த பதில் குண்டாகவும் இருந்திருக்கிறது. 1994 அக்டோபர் 10இல், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். ஒரு நிபந்தனையை அமல்படுத்துங்கள் என்று கேட்டதற்கு. அமெரிக்காவில் நில அறக்கட்டளை வக்கீல் நோட்டீஸ் அனுப்பிச் செய்கிற வேலையை இங்கே இரண்டு பேர் உயிரைக் கொடுத்தும் முடிக்க முடியவில்லை.

இப்போது மாந்தோப்புக்காரரின் கோரிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள். தன் நிபந்தனையை எவரும் மீறக்கூடாது என்கிறார். நியாயம். ஆனால் மீறப்படாத நிபந்தனை என்பது வெறும் சட்டத்தால் வருவதில்லை. பதிவுத்துறை, வருவாய்த்துறை, நீதிமன்றம், போலீஸ், பத்திரிகை எல்லாம் அந்த நிபந்தனையின் பக்கம் நின்றால்தான் அது நிற்கும். அவர் எழுதி வைத்தால் நிற்கும். எங்களுக்கு எழுதி வைத்தது நிற்கவில்லை. இரண்டும் ஒரே காகிதம்தான். கையெழுத்துப் போட்டவரின் சாதி வேறு.

பாதை விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்மெண்ட் என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பத்திரங்களில் உள்ள முதல் பொருளே பாதைதான். ‘நடைபாதை வண்டிப்பாதை பாத்தியம் உள்பட’ என்று எழுதாத கிரயப் பத்திரம் உண்டா? வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஒரு பாதையை அமைதியாகவும் வெளிப்படையாகவும் தடையில்லாமலும் 20 ஆண்டு உரிமையோடு பயன்படுத்தினால் அது சட்டப்படியான பாத்தியம் ஆகிவிடும் என்கிறது. இதில் ‘உரிமையோடு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் தயவில் நடந்தால் அது கணக்கில் வராது. 20 ஆண்டு இல்லை, 200 ஆண்டு நடந்திருந்தாலும் வராது.

சேரி எப்போது உரிமையோடு நடந்தது? என் அப்பத்தா செத்தபோது எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் முதல்நாள் இரவே போய், வயல்காரர் வீட்டு வாசலில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வந்தார்கள். நடவு முடிந்த வயல். வரப்பு வழியாகத்தான் தூக்க வேண்டும். அவர் ‘சரி’ என்று சொல்ல ஒரு மணி நேரம் எடுத்தார். அப்பத்தா அதே வயலில் நாற்பது வருடம் நாற்று நட்டவள். அந்த வரப்பில் அவள் நடக்காத நாள் இல்லை. ஆனால் கடைசியாகப் போவதற்கு அனுமதி வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் இப்படிக் கேட்டுத்தான் போகிறோம். கேட்டுப் போகிறவர்களுக்கு 15ஆவது பிரிவு உதவாது. கேட்காமல் போனால் கலவரம். சாதி நம்மைக் கும்பிட வைக்கிறது. கும்பிட்டதாலேயே உரிமை இல்லை என்று சட்டம் சொல்லிவிடுகிறது. ‘அதெல்லாம் ஊருக்குள்ள பேசிக்கிறது’ என்பதன் சட்டப் பொருள் இதுதான். பேசிக்கொள்கிற வரை அது ஒருபோதும் உரிமை ஆகாது.

2019 ஆகஸ்ட்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கினார்கள். நிலத்துக்காரர்கள் வழிவிடவில்லை. அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்தோம், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த நிலத்தைச் சுற்றி இருந்தது வேலி. நாளைக்கு அதே வேலிக்குப் ‘பல்லுயிர்ப் பாதுகாப்பு’ என்று பெயர் வைத்தால் என்ன செய்வது? நம் மாவட்டத்திலேயே உத்தபுரத்தில் சுவர் இருந்தது. 2008 மே 6இல் ஒரு பகுதியை இடிக்கும்வரை அது தனியார் சொத்து, ஊர்க் கட்டுப்பாடு, அமைதிக்கான ஏற்பாடு என்று என்னென்னவோ பெயரில் நின்றது. சுவர் தன் பெயரைச் சுவர் என்று சொல்லிக்கொண்டு வராது.

இதில் அமெரிக்காவைப் பார்த்துப் பயப்படவும் காரணம் உண்டு, கற்றுக்கொள்ளவும் உண்டு. நிலத்தோடு போகிற நிபந்தனை என்ற இதே சட்டக் கருவியை வைத்துத்தான் அங்கே வெள்ளையர்கள் தெருத்தெருவாகக் கறுப்பின மக்களைத் தடுத்தார்கள். இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி குடும்பம் வாங்கிய வீட்டுப் பத்திரத்தில் 1911ஆம் ஆண்டின் அத்தகைய நிபந்தனை இருந்தது. 1948இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. அதே நாட்டில் 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள், குடியுரிமைப் போராட்டத்திலிருந்து வந்தவர்கள், நியூ கம்யூனிட்டீஸ் என்று ஒரு கூட்டு நில அறக்கட்டளை தொடங்கினார்கள். சுமார் 5,700 ஏக்கர். நிலம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, விற்க முடியாது, உழைக்கிறவர்களுக்கு நீண்ட காலக் குத்தகை. வறட்சி வந்தபோது அரசு கடன் உதவியை இழுத்தடித்தது, 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. பாகுபாடு நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டு 2009இல் 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு வந்தது. நிலத்தைக் காப்பது என்றால் நான் முதலில் நினைப்பது இந்த 5,700 ஏக்கரைத்தான். மாந்தோப்பு அடுத்துதான் வரும்.

நம் தோழர்களிலேயே சிலர் எதிர்ப் பக்கத்திலிருந்து கேட்பார்கள்: கிராமம் அழிந்தால்தான் நமக்கு நல்லது, வயல் பிளாட் ஆகட்டும், நீ ஏன் அழுகிறாய்? இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. கிராமத்தைப் பற்றி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதை மறந்துவிட்டு யாரும் வயலின் பச்சையைப் பாட முடியாது. மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்கும் என் பெரியப்பா மகன், நடவுக் கூலிக்கு மேல் சம்பாதிக்கிறான், யாரையும் ‘சாமி’ என்று கூப்பிடுவதில்லை. அது அவனுக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் பிளாட் ஆகும் நிலத்தில் எங்களுக்குப் பிளாட் கிடைப்பதில்லை. கூலியும் போகும், பாதையும் போகும், ஆடு மேய்க்கும் தரிசும் போகும். காம்பவுண்டுச் சுவர் வரும். மேலூர்க் குன்றுகளைக் கிரானைட்டுக்கு வெட்டியபோது என்ன வந்தது? வெடிச்சத்தமும் தூசியும் முதலில் எங்கள் ஓடுகளின் மேல்தான் விழுந்தன. 2014இல் உயர் நீதிமன்றம் சகாயத்தை நியமித்து விசாரிக்கும்வரை ஊர்ப் பெரிய மனிதர்கள் பலருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ ஆவணத்தில் கேட்டது வயலை அழிப்பதை அல்ல. நிலம் அரசுடைமை ஆக வேண்டும், சாதி பாராமல் குத்தகைக்கு விட வேண்டும், நிலக்கிழாரும் இல்லை, குத்தகை விவசாயியும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்ற நிலை வர வேண்டும் என்றார். அதில் வயலும் இருக்கும், கண்மாயும் இருக்கும். மாறவேண்டியது வரப்பில் நிற்கிறவருக்கும் சேற்றில் நிற்கிறவருக்கும் உள்ள உறவு.

பாதுகாப்புச் சட்டங்கள் அந்த உறவைத் தொடுவதே இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது சுமார் 9 விழுக்காடு. இந்தக் கணக்கை மாற்றாமல் வயலை மட்டும் நிரந்தரமாக்கினால் நிரந்தரமாவது வயல் மட்டுமா? பல்லுயிர் மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004ஆம் ஆண்டு விதிகள், உள்ளாட்சி நியமிக்கும் ஆறு பேரில் பட்டியல் சாதி, பழங்குடியினர் 18 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றன. ஆறில் 18 விழுக்காடு என்றால் ஒரு ஆளும் இன்னொரு ஆளின் சுண்டுவிரலும். அந்த ஒரு ஆள் நாற்காலியில் உட்காருவாரா, வாசலில் நிற்பாரா? மேலூர் வட்டாரத்தில் இது நக்கல் இல்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவராக வந்த முருகேசனையும் அவரோடு பேருந்தில் வந்தவர்களையும் 1997 ஜூன் 30இல் பட்டப்பகலில் வெட்டினார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனித்தொகுதித் தேர்தலை 2006 வரை ஒழுங்காக நடத்த முடியவில்லை. கண்மாய் மீன் ஏலம், மரம், மேய்ச்சல், மணல், எல்லாவற்றின் மேலும் கையெழுத்துப் போடுகிற நாற்காலி அது. அதில் யார் உட்காரலாம் என்பதற்குத்தான் அரிவாள்.

ஆகவே பாதுகாப்புச் சட்டம் வரட்டும். நான் எதிர்க்கவில்லை. பெரியாறு ஒருபோகப் பாசனப் பகுதி முழுவதையும் வேளாண் மண்டலமாக அறிவிக்கட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தனியார் தங்கள் நிலத்துக்கு நிரந்தர நிபந்தனை எழுதச் சட்டம் செய்யட்டும். ஆனால் அந்தப் பத்திரம் பதிவாகும் முன் அந்தச் சர்வே எண்ணின் பழைய அ-பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். டி.சி. என்று இருந்தால் முதலில் அந்த நிபந்தனை அமலாகட்டும், பிறகு மற்றதைப் பேசலாம். சுடுகாட்டுப் பாதை, கண்மாய்க்குப் போகும் வழி, மேய்ச்சல், விறகு, இவை தயவாக இல்லாமல் பாத்தியமாக, சர்வே எண்ணோடும் அகலத்தோடும் பத்திரத்தில் ஏற வேண்டும். நிபந்தனையைக் காக்கும் அமைப்பில் அந்த மண்ணில் கூலி வேலை செய்கிறவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வரிக்கழிவு என்று பொதுப்பணம் ஒரு ரூபாய் போனாலும் அது இல்லாமல் கூடாது. உரிமையாளரின் வாரிசுக்கு நிலம் வேண்டாம் என்றால், விற்கும்போது நிலமற்ற தலித் பெண்களுக்கே முதல் உரிமை. கட்ட முடியாத நிலம் என்பதால் விலையும் மனை விலையாக இருக்காது. தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில் நிலம் வாங்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு 50 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 5 லட்சம். மதுரையைச் சுற்றி இன்றைய மனை விலையில் அந்தப் பணத்துக்குக் கட்டில் போடும் இடம் வரும். பாதுகாப்பு நிபந்தனை உள்ள நிலமென்றால் உழுகிற அளவுக்கு வரும். இந்தக் கணக்கைச் சொன்னால் பசுமைக் கூட்டங்களில் ஏனோ யாரும் குறிப்பெடுப்பதில்லை.

கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க தாத்தா காலத்துல சேர்ந்த நிலம் அதுல பாதி. எப்படிச் சேர்ந்துச்சுன்னு எங்கப்பா சொன்னதில்ல. நீ அந்தப் பதிவேடெல்லாம் பாக்குறியாமே” என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கூட்ட அழைப்பிதழின் பின்பக்கத்தில் நான்கு சர்வே எண்களை எழுதிக் கொடுத்தார்.

நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.